சுவிட்ச் போட்டதும் ஏன் தீப்பொறி?

புதிதாக டெஸ்க்டாப் வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். பவர் பட்டனைத் தொடவே இல்லை. சுவர் சுவிட்சைப் போட்டதுமே அதற்குள் சிலசமயம் 'டப்' என்று ஒரு பொறி. எங்கள் வீட்டில் அம்மா பயந்துபோய் எலெக்ட்ரீஷியனையே வரவழைத்துவிட்டார். வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. காரணம், கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.

நம் வீட்டு 230 வோல்ட் ஏ.சி.யின் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். இதை டி.சி.யாக மாற்றி ஒரு பெரிய கபாசிட்டரில் நிரப்புகிறது. காலியான கபாசிட்டர் முதல் கணத்தில் வெறும் ஒயர் துண்டு மாதிரிதான்; கரண்ட் பாய்ந்து வரும். நிரம்பிவிட்டால் டி.சி.க்குக் கதவைச் சாத்திவிடும். காயில் நேர் எதிர். முதல் கணத்தில் தடுக்கும், நிலைத்த பிறகு வெறும் ஒயர். கல்லூரியில் இதை மார்க்குக்காக மனப்பாடம் செய்தவன் நான்!

முதல் பாய்ச்சலை அடக்கப் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் தெர்மிஸ்டர் வைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், கரண்ட் 65 ஆம்பியருக்குள் நிற்கும். அதுவும் சில மில்லி செகண்டுகள்தான். பிறகு சூடேறி, தடை வெகுவாகக் குறைந்துவிடும். எனவே கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் சுவர் சுவிட்சை உடனுக்குடன் ஆஃப், ஆன் செய்யாதீர்கள். கபாசிட்டர் காலியாகி, தெர்மிஸ்டர் சூடாகவே இருந்தால் பாய்ச்சலைத் தடுக்க ஆளில்லை. ஃப்யூஸ் போகலாம், டயோடும் போகலாம். ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஒருமுறை செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை, பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் திறந்தேன். விரல் பட்டதும் தோள்வரை அதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் அறையின் மறுமூலையில் கிடந்தது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 330 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், அதை வடிக்க 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால், 155 செகண்டுக்குப் பிறகும் 37 சதவீதம் மிச்சமிருக்கும். அதாவது சுமார் 120 வோல்ட்! அந்த ரெசிஸ்டரும் போயிருந்தால் இன்னும் அதிக நேரம் நிற்கும். ஓடுகிற எஸ்.எம்.பி.எஸ். பெரும்பகுதி சார்ஜைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். செத்ததில் உறிஞ்ச எதுவுமில்லை. நாம் திறந்து பார்க்க ஆசைப்படுவதோ செத்ததைத்தான்.

கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்கள், ராம் மாற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். என்னுடையதை மறுபடி மூடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. சர்வீஸ்காரர்தான் வந்து எடுத்துப்போனார்.