ஒரு டேப், நாலைந்து பேர்: குக்கீயை அழித்தால் எது அழியும், எது மிஞ்சும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி ஷிப்ட் ஆட்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் அறைகளில், ஒருவர் டேப் வாங்கினால் அது அவருடையதாக மட்டும் இருப்பதில்லை. தவணை கட்டுவது ஒருவர், பார்ப்பது எல்லோரும். ரோலிங் மில்லில் பகல் ஷிப்ட் முடித்து வந்தவர் யுஏஎன் நம்பர் போட்டு பி.எஃப். பாஸ்புக் பார்க்கிறார். ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்புகிறவர் ஊருக்குப் போக ஐஆர்சிடிசியில் ரயில் தேடுகிறார். மூன்றாமவர் பர்சனல் லோனுக்கு வட்டி எவ்வளவு என்று நாலு இடத்தில் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார். மறுநாள் காலை சமையல் குறிப்பு தேடி டேப்பைத் திறந்தவருக்குக் குழம்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என ‘உடனடிக் கடன்’ விளம்பரம். யாருக்கோ பணமுடை என்பது அறைக்கே தெரிந்துவிடுகிறது.

‘குக்கீயை அழிச்சிடு, சரியாப் போயிடும்’ என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பாதி யோசனை. யாரிடமிருந்து மறைக்கப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பலிக்கும். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரா, விளம்பரக் கம்பெனியா, வைஃபை கொடுத்த முதலாளியா? மூவருக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் குக்கீ என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இணையதளத்துக்குத் தன்னளவில் ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்தவர் அதே ஆள்தான் என்று அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு சின்ன எழுத்துக் கோவையை உங்கள் பிரவுசரிடம் கொடுக்கும். அடுத்த முறை போகும்போது பிரவுசர் அதையே திருப்பிக் காட்டும். திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போகிறவர் வாசலில் செருப்பைவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. டோக்கனில் உங்கள் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்தச் செருப்பு யாருடையது என்பது கடைக்காரரிடம் இருக்கிறது. பி.எஃப். தளத்தில் லாகின் செய்தபின் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்ட் கேட்காமல் விடுவது இந்த டோக்கனால்தான்.

இதுவரை தப்பில்லை. சிக்கல் மூன்றாம் ஆளால் வருகிறது. நீங்கள் திறந்த லோன் பக்கத்துக்குள்ளேயே ஒரு விளம்பரக் கம்பெனியின் துண்டு நிரலும் உட்கார்ந்திருக்கும். அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை டேப்பில் வைத்துவிடும். சமையல் பக்கத்திலும் அதே கம்பெனி இருந்தால் பழைய எண் அதன் கண்ணில் படும்: ‘நேற்று கடன் தேடிய டேப் இது.’ அதற்குத் தெரிந்தது டேப்தான், ஆள் இல்லை. அதனால் அறையில் இருக்கும் நாலைந்து பேரும் அதன் கணக்கில் ஒரே மனிதர். கடன் வேண்டும், பீகாருக்கு டிக்கெட் வேண்டும், மீன் குழம்பும் வேண்டும் என்று அலையும் ஒரு விசித்திரப் பிறவி! சிரிப்பு வரும், ஆனால் ஒருவர் தேடலை இன்னொருவர் முன்னால் கொட்டுவது இந்தக் குழப்பம்தான்.

இந்த மூன்றாம் ஆள் குக்கீயை ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் தானாகவே தடுத்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் தளத்துக்குத் தளம் தனி டப்பாவில் போட்டு அடைக்கிறது. கூகுளின் குரோமோ இரண்டு வருடத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020இல் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் பேச்சை மாற்றி, 2025 ஏப்ரலில் இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி, வேறென்ன செய்யும்? ஆக, ஆண்ட்ராய்டு டேப்பில் குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே அடைக்க வேண்டும். குரோமின் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’, அதில் ‘பிளாக்’. இதை ஒரு தடவை செய்துவிட்டால், அடிக்கடி குக்கீ அழிக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். முதலில் சொல்ல வேண்டிய யோசனையே இதுதான்.

இனி அழிக்கும் வேலை. அதற்கு முன் திறந்திருக்கும் கணக்குகளிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். பலரும் இதைத் தாண்டிவிடுகிறார்கள். குக்கீயை அழிப்பது டோக்கனைத் தூக்கி எறிவது. கடைக்காரர் கணக்கில் உங்கள் இடம் அப்படியே திறந்திருக்கும். லாக் அவுட் என்பது டோக்கனைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. யாராவது அந்தக் குக்கீயை முன்பே நகலெடுத்திருந்தாலும், லாக் அவுட் ஆனபின் ஒழுங்கான தளத்தில் அது செல்லாது. திருட்டு மென்பொருள்கள் பாஸ்வேர்டோடு நிற்காமல் குக்கீயையும் குறிவைப்பது இதனால்தான்: செல்லுபடியாகும் குக்கீ கையில் இருந்தால் பல இடங்களில் ஓடிபி கூடக் கேட்காமல் உள்ளே போய்விடலாம்.

குரோமில் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டினால் ‘டெலிட் பிரவுசிங் டேட்டா’ வரும். அங்கே முதலில் கண்ணில் படும் காலம் பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று குறுகியதாக இருக்கலாம். அதை ‘ஆல் டைம்’ என்று மாற்றாமல் பட்டனை அமுக்கினால் போன மாதக் குக்கீ அத்தனையும் அப்படியே கிடக்கும். ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’வுக்கு டிக் இருக்கட்டும். என்னென்ன பார்த்தோம் என்ற பட்டியல் ‘ஹிஸ்டரி’, அதற்கு டிக் தனி. ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ என்பதை அவசரத்தில் தொட்டுவிடாதீர்கள். கூகுள் கணக்கோடு இணைந்திருந்தால் உங்கள் போனில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். ஐபேடில் செட்டிங்ஸ், ஆப்ஸ், சஃபாரி என்று போய் ‘கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா’. பழைய ஐபேடாக இருந்தால் செட்டிங்ஸுக்குள் நேராகவே சஃபாரி இருக்கும்.

ஒரே ஒரு தளத்தின் குக்கீதான் உறுத்துகிறது என்றால் எல்லாவற்றையும் ஏன் அழிக்க வேண்டும்? குரோமின் ‘சைட் செட்டிங்ஸ்’ உள்ளே ‘ஆல் சைட்ஸ்’ பட்டியலில் அந்த லோன் தளத்தை மட்டும் எடுத்து நீக்கலாம். முழுக்க அழித்தால் செலவும் உண்டு. எல்லாத் தளமும் மறுபடி லாகின் கேட்கும், வங்கி புது ஆள் வந்ததாக நினைத்து ஓடிபி அனுப்பும், இந்தி அல்லது தமிழ் என்று மாற்றிவைத்த மொழி ஆங்கிலத்துக்குத் திரும்பும். ஓடிபி வரும் சிம் ஊரில் மனைவியின் போனில் இருப்பவர் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அழித்த பிறகும் மிஞ்சுவதுதான் பெரிய சங்கதி. குரோம் உங்கள் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால், குக்கீ போன பின்னும் அடுத்து வருகிறவர் பி.எஃப். தளத்தைத் திறந்ததும் இரண்டு கட்டமும் தானாக நிரம்பி நிற்கும். பொது டேப்பில் ‘சேவ் பாஸ்வேர்ட்?’ என்று கேட்டால் ‘நெவர்’ என்பதே பதில். அடுத்தது, ஆண்ட்ராய்டில் குரோம் குக்கீயை அழித்தாலும் டேப்பில் உள்ள கூகுள் கணக்கு வெளியேறாது. யூடியூபில் பார்த்ததும் கூகுளில் தேடியதும் அந்தக் கணக்கின் ‘மை ஆக்டிவிட்டி’யில் தங்கியிருக்கும். அங்கே போய்த் தனியாகத்தான் அழிக்க வேண்டும். ஆப்கள் குக்கீயை நம்பி இருப்பதும் இல்லை. அவற்றுக்கு ‘அட்வர்டைசிங் ஐடி’ என்று வேறொரு எண் உண்டு. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘ஆட்ஸ்’ என்று தேடினால் அதை நீக்கும் இடம் வரும். ஐபேடில் ‘டிராக்கிங்’ என்ற இடத்தில், ஆப்கள் கேட்கவே கூடாது என்று மூடிவிடலாம்.

முதலாளியின் வைஃபை விஷயத்தில் குக்கீ அழிப்பதால் ஒரு பயனும் இல்லை. எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் வைஃபை வைத்திருப்பவருக்குத் தெரியும், உள்ளே என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. குரோமில் தனியாகத் திறக்கும் இன்காக்னிட்டோ பக்கமும் இதை மறைக்காது. அது செய்வதெல்லாம், கடைசி இன்காக்னிட்டோ பக்கத்தை மூடியதும் அதன் குக்கீயைத் தூக்கிப்போடுவது. திரையை அணைத்துவிட்டுப் போனால் அது மூடியதாகாது. அவசரத்துக்கு ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் பி.எஃப். பார்க்கிறவர்கள் இன்காக்னிட்டோவில் திறந்து, லாக் அவுட் செய்து, பக்கத்தையும் மூடிவிட்டு எழுந்தால் போதும்.

சட்டம் துணைக்கு வராதா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகள் மீதான முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதுவரை செட்டிங்ஸ்தான் கதி.

அறை டேப்புக்கு உண்மையில் பொருந்தும் வழி ஒன்று உண்டு, ஏனோ யாரும் தொடுவதில்லை. ஆண்ட்ராய்டு டேப்கள் பலவற்றில் செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’ என்று இருக்கும். ஆளுக்கு ஒரு யூசர் போட்டுக்கொண்டால் குக்கீ, பாஸ்வேர்ட், கூகுள் கணக்கு எல்லாம் தனித்தனி. வந்து போகிறவருக்கு ‘கெஸ்ட்’ கொடுத்தால் வெளியேறும்போது அவர் பார்த்ததை அழித்துவிடலாம். டேப்பில் இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான். ஐபேடில் வீட்டு உபயோகத்துக்கு இந்த வசதி கிடையாது.

டேப்பை அறைத்தோழருக்கே விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறவருக்கு இதெல்லாம் போதாது. டேப்பிலிருந்து கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு செட்டிங்ஸ் வழியாக ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுக்க வேண்டும். ஐபேடாக இருந்தால் முதலில் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். கணக்கை எடுக்காமல் விட்டால், டேப் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கலாம்; அப்போது வாங்கியவர் உங்களுக்குத்தான் போன் அடிப்பார்.