கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட தாத்தா

வெள்ளையடிப்பதற்காக ஊர் வீட்டுச் சுவரில் இருந்த படங்களை எல்லாம் இறக்கினோம். தாத்தாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு ஸ்டுடியோ ஃபோட்டோ. பின்பக்க அட்டையைக் கழற்றினால், படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா மெதுவாகத்தான் இழுத்தார். இடது தோள் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அதற்கு மேல் யாரும் தொடவில்லை. ஏன் இப்படி ஆச்சு என்று தேடிப் படித்ததில் சேர்த்துவைத்த குறிப்புகள் இவை.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவற்றின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்றில் அது உப்பிப் பிசுபிசுக்கும். கண்ணாடி மேலேயே அழுந்தியிருந்தால் பசை போலப் பிடித்துக்கொள்ளும். படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கிற மவுண்ட் அட்டையை நான் இத்தனை நாளும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுவதுதான் அதோட முக்கிய வேலை.

அந்த அட்டை எதனால் ஆனது என்பதும் முக்கியம். மலிவான மரக்கூழ் அட்டையில் லிக்னின் இருக்கும். நாளாக ஆக அது அமிலமாகிப் படத்தின் ஓரத்தில் பழுப்புக் கோடு போடும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதனால்தான். நம்ம தாத்தாவுக்கு முதுகில் செய்தித்தாளே வைத்திருந்தார்கள்! தேர்ந்த கைவினைஞர்கள் அமிலமற்ற அட்டையோ பருத்தி நாரில் செய்த அட்டையோதான் வைப்பார்கள்.

அடுத்தது, படத்தை அட்டையில் பிடிக்க வைக்கும் முறை. செல்லோடேப் கூடவே கூடாது, கறை விடும். ஜப்பானியத் தாளில் சின்னக் கீல்கள் செய்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுவார்கள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் தாள் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாகிவிடும். அதோடு, இந்தப் பசை தண்ணீரில் இளகும். செய்த எதையும் பிறகு பிரித்தெடுக்க முடியணும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

கண்ணாடியிலும் வகை உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விடும். மியூசியம் கண்ணாடி சுமார் 99 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தை வெளுக்கச் செய்யும், வெளுத்தது திரும்பாது. அதனால் எவ்வளவு நல்ல ஃபிரேமாக இருந்தாலும் வெயில் விழும் சுவர் வேண்டாம்.

பின்பக்கத்தைத் தாள் ஒட்டி மூடினால் தூசியும் ராமபாணப் பூச்சியும் எளிதில் நுழையாது. கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ் வைத்தால் சுவர் ஈரம் நேரடியாக ஏறாது.

ஒட்டிய படத்தை வீட்டில் பிரிக்க முயலாதீங்க. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிட்டு, ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்க. நாங்களும் அப்படித்தான் ஸ்கேன் எடுத்தோம். இப்போது சுவரில் இருப்பது அதன் பிரதி, மவுண்ட் வைத்தது. மூலப்படம் கண்ணாடியோடு அமிலமற்ற பெட்டியில் தூங்குகிறது. தோளும் அதோடுதான் இருக்கிறது.