சுவரில் துளையிடும் முன்: லேசர் மட்டமும் சுவர் ஸ்கேனரும்

புதிய வீட்டில் பால் காய்ச்சிய மறுநாளே சுவரில் துளையிடும் வேலை தொடங்கிவிடுகிறது. பூசை அலமாரி, திரைச்சீலைக் கம்பி, தொலைக்காட்சி, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி என ஒவ்வொன்றும் ஒரு சுவரைக் கேட்கிறது. பணியிட மாறுதலால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாற்றும் வங்கி அலுவலர்களாகிய எங்களுக்கு இந்த வேலை நன்கு பழக்கம். அதன் விலையும் பழக்கம். ஒருமுறை வாடகை வீட்டில், துண்டு போடும் கம்பி ஒன்றை மாட்டக் குளியலறையின் வெளிச்சுவரில் துளையிட்டோம். உள்ளே சென்ற தண்ணீர்க் குழாய் உடைந்தது. நூறு ரூபாய்க் கம்பிக்காக ஓடுகளைப் பெயர்த்துக் குழாயை மாற்றினோம். கீழ்வீட்டுக் கூரையின் ஈரக்கறைக்கும் நாங்களே பொறுப்பேற்றோம். அங்கே இருந்தது மின்கம்பியாக இருந்திருந்தால், இழப்பு பணத்தோடு நின்றிருக்காது.

கோடு நேராக அமைய லேசர் மட்டக்கருவியும், சுவரின் உள்ளே இருப்பதை அறியச் சுவர் ஸ்கேனரும் இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றை வாங்கும் முன் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துள்ளோம். எந்த நிறுவனத்தின் பொருளையும் பரிந்துரைப்பது எங்கள் நோக்கமன்று.

முதலில் தேவையைப் பாருங்கள்

ஒரே ஓர் அலமாரியை மாட்ட, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமே போதும். ஓர் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மட்டத்தை எடுத்துச் செல்ல, நீர் நிரப்பிய மட்டக்குழாய் இன்றும் நம்பகமானது. சமையலறைச் சுவர் ஓடுகள், வரிசையான தொங்கு அலமாரிகள், பொய்க்கூரை போன்று நீண்ட கோடு தேவைப்படும் வேலைகளில்தான் லேசர் மட்டம் நேரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்துகிறது.

லேசர் மட்டத்தில் பார்க்க வேண்டியவை

வீட்டு வேலைக்குக் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் காட்டும் இருகோட்டுக் கருவி போதுமானது. அறையைச் சுற்றிலும் கோடு வரையும் 360 பாகைக் கருவி, ஒப்பந்தக்காரர்களுக்கே பெரிதும் பயன்படும்.

தானே மட்டம் கொள்ளும் வசதி இன்றியமையாதது. கருவியின் உள்ளே ஓர் ஊசல் தொங்குகிறது. பொதுவாக 4 பாகை அளவுக்குள் கருவி சாய்ந்திருந்தால், அந்த ஊசல் கோட்டைத் தானாகவே நேராக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் கோடு சிமிட்டி எச்சரிக்கும். எடுத்துச் செல்லும்போது ஊசலைப் பூட்டிவைக்கும் பொறியும் இருக்க வேண்டும். பூட்டாமல் பையில் போட்டுக் குலுக்கினால் துல்லியம் கெடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, மனிதக் கண் பச்சை ஒளியைச் சிவப்பைவிட நன்கு உணர்கிறது. எனவே பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்தில் பச்சைக்கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் அதன் விலை கூடுதல். மின்கலமும் விரைவில் தீரும். உள்ளறைகளில் மட்டும் வேலை என்றால் சிவப்பே போதும்.

துல்லியத்தைப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர், அதாவது 10 மீட்டரில் 3 மில்லிமீட்டர் வரையிலான பிழை, வீட்டு வேலைக்கு ஏற்கத்தக்கது. லேசர் வகுப்பு 2 என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வகையின் ஆற்றல் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டது. கண் இயல்பாக இமைப்பதே அதற்குப் பாதுகாப்பு. எனினும் ஒளியை உற்று நோக்கக் கூடாது; குழந்தைகளின் கண்மட்டத்தில் கருவியை வைக்கவும் கூடாது. உடன் வரும் வண்ணக் கண்ணாடி கோடு தெளிவாகத் தெரிவதற்கானதே. அது கண்ணைக் காக்காது.

வாங்கிய அன்றே ஒரு சோதனை

ஐந்து மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக உள்ள இரு சுவர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கருவியை முதற்சுவருக்கு அருகில் வைத்து, அச்சுவரில் கோடு விழும் இடத்தைக் குறியுங்கள். உயரத்தை மாற்றாமல் கருவியைத் திருப்பி எதிர்ச்சுவரிலும் குறியுங்கள். பின்னர் கருவியை எதிர்ச்சுவருக்கு அருகில் கொண்டுசென்று, கோடு அங்குள்ள குறியின் மீது விழும்படி உயரத்தைச் சரிசெய்து, முதற்சுவரை நோக்கித் திருப்புங்கள். இப்போது விழும் கோட்டுக்கும் முதற்குறிக்கும் உள்ள வேறுபாடு, 10 மீட்டருக்கான பிழையாகும். அது 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், திருப்பியளிக்கும் காலம் முடிவதற்குள் கருவியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் சுவர்களுக்கு ஏற்ற ஸ்கேனர்

‘ஸ்டட் ஃபைண்டர்’ என்று விற்கப்படும் கருவி, மரச்சட்டங்களின் மேல் பலகை அறைந்த அமெரிக்க வீட்டுச் சுவர்களுக்காகத் தோன்றியது. நம் வீடுகளில் பெரும்பாலும் செங்கல்லும் கான்கிரீட்டுமே சுவர்கள். அங்கே தேடுவதற்குத் தாங்குசட்டம் இல்லை. ஜிப்சம் பலகைத் தடுப்புகளில் மட்டுமே அது பொருந்தும். சுவரைத் தட்டிப் பாருங்கள்: உள்ளீடற்ற ஓசை எழுந்தால் அது பலகைத் தடுப்பு. கனமான பொருளை அதன் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தில்தான் திருகவேண்டும். சட்டத்தின் திருகுகளைச் சிறு காந்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

செங்கல், கான்கிரீட் சுவர்களுக்கு நமக்கு வேண்டியது உலோகத்தையும் மின்னோட்டமுள்ள கம்பியையும் உணரும் ஸ்கேனர். அதன் எல்லைகளை அறியாமல் அதை நம்புவது ஆபத்து. இணைப்பு துண்டிக்கப்பட்ட கம்பியை மின்னுணர்வு காட்டாது. எனவே தேடும்போது மின்சாரம் இருக்க வேண்டும். துளையிடும்போது அது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஈரச்சுவரும் புதிய பூச்சும் தவறான ஒலியை எழுப்பும். கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகள் மற்றவற்றை மறைத்துவிடலாம். பெட்டியில் உள்ள ஆழ அளவு, சிறந்த சூழலில் கிடைப்பது மட்டுமே. முக்கியமாக, இன்றைய வீடுகளில் பரவலாக உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை உலோக உணர்வு கண்டறியாது. எங்கள் குளியலறைக் குழாயும் பிளாஸ்டிக்தான். எளிய ஸ்கேனர் இருந்திருந்தாலும் அது எங்களைக் காத்திராது.

ஆகவே கருவியோடு சில பழக்கங்களும் தேவை. சுவிட்ச் பலகைக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளையிடாதீர்கள். குழாய்த் திறப்புகளின் நேர்கோட்டையும் தவிருங்கள். ஒவ்வோர் இடத்தையும் கிடையாகவும் செங்குத்தாகவும் இருமுறை ஆராய்ந்து பென்சிலால் குறியுங்கள். துளையிடும் முன் அப்பகுதியின் எம்.சி.பி.யை நிறுத்துங்கள். துளையிடும் இயந்திரத்துக்கு வேறு சுற்றிலிருந்து மின்சாரம் எடுங்கள். மின்கலத்தில் இயங்கும் இயந்திரம் இன்னும் நல்லது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுமானக் கடனின் அடுத்த தவணையை வழங்கும் முன், பணியின் நிலையைக் காண வங்கியிலிருந்து வருகிறோம். நீங்களும் அதுபோல், பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து, வீட்டுப் பத்திர நகல்களுடன் சேமித்து வையுங்கள். பின்னாளில் எந்த ஸ்கேனரும் தராத தெளிவை அந்தப் படங்கள் தரும்.

பணத்தைப் பொறுத்தவரை

ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே பயன்படும் லேசர் மட்டத்தைச் சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதோ, குடியிருப்புச் சங்கத்தின் பெயரில் ஒன்று வாங்கிப் பகிர்வதோ சிக்கனம். இரண்டில் ஒன்றுக்கே கையில் பணம் இருந்தால் ஸ்கேனரை முதலில் வாங்குங்கள். கோணலான அலமாரியைத் திருத்திவிடலாம். மின்கம்பியில் இறங்கிய துளையைத் திருத்த இயலாது.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் கண்டால், முழுத்தொகையும் செலுத்துவோருக்கு என்ன விலை என்று கேளுங்கள். சுழிய வட்டி என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. கைவிட்டுப்போன தள்ளுபடியிலோ செயற்பாட்டுக் கட்டணத்திலோ அந்த வட்டி மறைந்திருக்கும். கடனட்டைத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு.

வரி எண்ணுள்ள விலைச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். குறைபாடுள்ள பொருளைக் கடை மாற்றித்தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பணம் திரும்பப் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுக்காரர் என்றே கொள்ளுங்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாங்கள் எப்போதும் சொல்வதுண்டு. சுவருக்கும் அந்த நிதானம் வேண்டும். துளையிட இரண்டு நிமிடம் போதும்; அதற்கு முன் பத்து நிமிடம் ஆராய்வதே சிக்கனம்.