“நாய் இருக்கிறதா?”, “நீங்கள் என்ன ஆட்கள்?”: வாடகை வீட்டு வாசலில் இரு கேள்விகள்

வளர்ப்பு நாயுடன் நகரத்துக்குக் குடிபெயர்வோருக்கு அறிவுரைகள் ஏராளம். அருகில் பூங்கா இருக்கிறதா, கால்நடை மருத்துவமனை எவ்வளவு தொலைவு, தெருவில் வண்டிப் போக்குவரத்து எப்படி, தரைத்தள வீடு கிடைக்குமா என்று பார்த்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எல்லாம் நியாயமான அறிவுரைகளே. ஆனால் நகர வரைபடத்தின் எந்தப் புள்ளியில் விரல் வைத்தாலும் அங்கே வீடு கிடைக்கக்கூடிய ஒரு மனிதரை மனத்தில் கொண்டே அவை சொல்லப்படுகின்றன. தலித் குடும்பம் ஒன்று வீடு தேடும்போது பகுதியைக் குடும்பம் தேர்ந்தெடுப்பதில்லை. பகுதிதான் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறது, அல்லது தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளுதலில் நாய்க்கு எதிர்பாராத ஒரு பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுவது.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமலை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பெரிய ஏரி உண்டு. சென்னை 100 கிலோமீட்டருக்குள்தான். பிள்ளைகளின் கல்லூரிக்காகவோ வேலைக்காகவோ இத்தகைய ஊரின் காலனியிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் பெயர்கிறது என்று கொள்வோம். வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள். காலனியில் நாய் என்பது கூண்டிலோ சங்கிலியிலோ வளர்வதன்று. ஒரு வீட்டில் சோறு தின்று, இன்னொரு வீட்டுத் திண்ணையில் உறங்கி, தெரு முழுவதற்கும் காவல் இருக்கும். பாத்திரம் பண்டங்களோடு அவற்றையும் குட்டியானையில் ஏற்றிவிடலாம். எங்கே இறக்குவது என்பதுதான் கேள்வி.

தொலைபேசியில் வீடு கேட்பவரிடம் தரகரோ உரிமையாளரோ வழக்கமாகக் கேட்பவற்றை நாம் அனைவரும் அறிவோம். எத்தனை பேர், என்ன வேலை என்று தொடங்கும். பிறகு “சைவமா, அசைவமா?” வரும். சொந்த ஊர் எது என்ற கேள்வி, ஊருக்குள்ளா வெளியிலா என்று நீளும். துணிச்சல் உள்ளவர் “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேராகவே கேட்டுவிடுவார். இவற்றோடு ஒட்டி வருகிறது “நாய், பூனை ஏதாவது உண்டா?” என்பது. முன்னவை சாதியைத் தேடும் கேள்விகள். இதுவோ சுத்தத்தையும் அமைதியையும் பற்றிய நாகரிகமான கேள்வி. ஆகவேதான் மறுப்புக்கு மிகவும் வசதியான காரணமும் இதுவே ஆகிறது. சாதியின் பெயரால் வீடு மறுத்தால் சொல்லக் கூச்சம், வழக்காகுமோ என்ற அச்சமும் சிறிது உண்டு. “ஹவுஸ் ஓனருக்கு நாய் ஆகாது” என்றால் பேச்சு முடிந்தது. உண்மையிலேயே நாய்க்கு அஞ்சி மறுப்பவர் எத்தனை பேர், நாயைச் சாக்காக்கி மறுப்பவர் எத்தனை பேர் என்று கேட்டவருக்குத் தெரிய வழியில்லை. அசைவம் என்ற சொல்லும் இதே வேலையைத்தான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

இது நம் ஊகம் மட்டுமன்று. சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வுக் குழு தில்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகை வீடுகளுக்கு விண்ணப்பித்துப் பார்த்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டது. வருமானமும் கல்வியும் ஒத்திருந்தும், உயர்சாதிப் பெயர் கொண்டவர் எவருக்கும் மறுப்பு வரவில்லை; தலித் பெயர் கொண்டவர்களில் 18 விழுக்காட்டினரும் முஸ்லிம் பெயர் கொண்டவர்களில் 31 விழுக்காட்டினரும் நேரடியாக மறுக்கப்பட்டனர். இந்தியாவின் ஏழு பெருநகரங்களின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நகரக் குடியிருப்புகள் பொருளாதார நிலையால் பிரிந்து கிடப்பதைவிடச் சாதியால் அதிகம் பிரிந்து கிடக்கின்றன என்று காட்டியது. நகரத்துக்குப் போனால் சாதி கரையும் என்ற நம்பிக்கையோடு இவற்றை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையின் கதி என்னவென்று 1917இலேயே ஒருவர் அறிந்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்ற அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் தரித்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி மறுத்தனர். அன்று அவர் உட்கார்ந்து கலங்கியது பரோடாவின் பொதுப் பூங்காவில். அந்த மறுப்புகளிலும் வெறுப்பு வெளிப்படையாக இல்லை, சாக்குகளே இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாய்க்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்தம் செல்வம் என்று மனுதருமம் பத்தாம் அத்தியாயத்தில் விதிக்கிறது. எங்கே வாழ்வது, எந்த விலங்கை வைத்துக்கொள்வது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன விதி அது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ‘குடவோலை’ முறைக்காகப் பாடநூல்கள் போற்றும் உத்திரமேரூர்க் கல்வெட்டு, சபை உறுப்பினராக நிற்பவர் இறை செலுத்தும் நிலம் உடையவராகவும் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் வேதம் அறிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றது. மனை இல்லாதவருக்குக் குரலும் இல்லை. நம் காலத்துக்கு வந்தால், தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை மதுரை வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் நிலவியதைக் களஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர்த்தெருப் பெட்டை நாயோடு கூடிவிடக் கூடாதாம்! அகமண முறையை நாய்க்கும் விரித்த அந்தக் கற்பனை வளத்தை என்னவென்பது. 2018இல் வெளியான ‘பரியேறும் பெருமாள்’ கருப்பி என்ற நாயின் கொலையிலிருந்து தொடங்கியது தற்செயலன்று என்பது இப்பின்னணியை அறிந்தவர்க்கு விளங்கும்.

எனவே ஒரு தலித் குடும்பம் தன் நாயை விட்டுவிட்டு நகரம் ஏற மறுப்பதைச் செல்லப்பிராணி மோகம் என்று நம் தோழர்களே எள்ளி நகையாடுவது பொருந்தாது. யாரோடு, எதனோடு வாழ்வது என்று முடிவு செய்யும் உரிமை அதில் அடங்கியிருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு முரண் இருக்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சி அதன் பின்னணியில் உண்டு. அச்சட்டத்தின்படி அமைந்த விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்களித்தாலும் வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்ய முடியாது என்கிறது. சங்க விதிகளில் அத்தகைய தடை இருந்தால் அது செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மனிதர்களின் கதை வேறு. அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, தன் சமூகத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்திருந்த விதி செல்லும் என 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதாவது ஒரு குடியிருப்புச் சங்கம் ‘நாய் கூடாது’ என்று தீர்மானம் போட்டால் எதிர்த்து நிற்கக் கையில் காகிதங்கள் உண்டு. ‘எங்கள் சமூகத்தார் மட்டும்’ என்று விதி எழுதினால் அதற்கு உச்ச நீதிமன்றத்தின் நிழலே உண்டு. இதை நாய்களின் மீதோ நாய் வளர்ப்போர் மீதோ குற்றமாக நாம் சொல்லவில்லை. நாய்க்குக் கிடைத்தது நியாயம்தான்.

அதே வேளையில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு ஐந்தாண்டு மூத்த சட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976 முதல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்குகிறது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதற்கோ பெறுவதற்கோ அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமை காரணமாகத் தடை ஏற்படுத்துவதை அதன் 4ஆம் பிரிவின் எட்டாவது உட்கூறு குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருப்பின், அச்செயல் தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், மாறாக மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு என்கிறது 12ஆம் பிரிவு. தண்டனை என்னவோ ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான சிறையும் 500 ரூபாய் வரையிலான அபராதமும்தான். ஆயினும் “ஆதாரம் எங்கே?” என்று திணறும் நமக்கு அந்த அனுமானம் பெருந்துணை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிந்த அளவுக்கு இந்த உட்கூறை நம் மாணவர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாரியத்தின் வழிகாட்டுதல் சங்கங்களைத்தான் கட்டுப்படுத்த முயல்கிறது. நாய் வைத்திருப்பவருக்கு வீடு தந்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரை அது பணிக்கவில்லை. ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம். ஆகவே நாய்களின் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். வாய்மொழி வாடகையை ஒருபோதும் ஏற்கக் கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் சென்னையில் இன்னும் ஒழியவில்லை. நாய் இருப்பதால் கூடுதல் அட்வான்ஸ் என்பது அதன் புதிய வடிவம். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவது கட்டாயம். கட்டணம் 50 ரூபாய்தான், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும். அதோடு முகவரிச் சான்றும் வேண்டும் என்பதால், ஒப்பந்தம் எழுதித் தராத உரிமையாளரின் வாடகைதாரர் நாய்க்கும் காகிதம் வாங்க முடியாமல் போகிறார்.

எந்தப் பகுதி என்பதற்கு வருவோம். மலிவான, நம்பகமான கால்நடை மருத்துவம் சென்னையில் எங்கே இருக்கிறது? 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. புளியந்தோப்பிலும் திரு.வி.க. நகரிலும் மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகள் உள்ளன. தோல் வணிகத்தின் பெரியமேடும், பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களின் புளியந்தோப்பும் சூழ்ந்த வட்டாரம் அது. உழைக்கும் தலித் மக்களின் பழைய வாழிடம். அங்கே நாயைப் பற்றியோ சாதியைப் பற்றியோ குறுக்கு விசாரணை குறைவு. வீடுகள் சிறியவை, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தெருக்களும் உண்டு. தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களில் நடைபாதையும் பூங்காவும் இருக்கின்றன. கூடவே வாயிற்காவலரும், பணிப்பெண்களுக்குத் தனி மின்தூக்கியும். அதே சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் உள்ளன. நகரின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை அரசு கொண்டுபோய்க் குவித்த இடங்கள். எட்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், மண்தரையை மட்டுமே அறிந்த நாட்டு நாய் என்ன செய்யும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஓடி விளையாட இடமின்றிக் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஊரில் காலனி என்ற சொல் செய்த வேலையை நகரில் அஞ்சல் குறியீடு செய்கிறது.

தெருநாய் பற்றிய புதிய சூழலையும் கணக்கில் கொள்ள வேண்டும். தடுப்பூசியும் கருத்தடையும் செய்த நாய்களை, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கப்படுபவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7 அன்று மேலும் ஆணையிட்டது. தாமல் தெருவில் எல்லார்க்கும் பொதுவாய்த் திரிந்த நாய், கழுத்துப்பட்டையும் உரிமமும் இன்றிச் சென்னையில் திரிந்தால் தெருநாய்க் கணக்கில்தான் சேரும். நாய்க்கடியால் அதிகம் துன்புறுவோரும் காரில் போவோர் அல்லர். விடியலில் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களும் நடந்தே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும்தான். ஆகவே நாயைக் கட்டுப்பாட்டில் வைப்பது நம் மக்களுக்கு நாமே செய்யும் கடமை. தடுப்பூசியும் கருத்தடையும் புறப்படும் முன்பே ஊரில் முடிக்கப்பட வேண்டும்.

இனி நாம் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். மறுப்புக்கு நாய் காரணமா, சாதி காரணமா என்று ஒரே ஒரு அழைப்பால் அறிய முடியாது; நான்கால் அறியலாம். ஒரே வீட்டுக்கு, ஒரே வாரத்தில், ஒத்த வருமானமும் ஒத்த குடும்ப அளவும் சொல்லி நால்வர் அழைக்க வேண்டும். ஆதிக்கச் சாதி அடையாளம் உள்ள இருவர், அவர்களில் ஒருவருக்கு மட்டும் நாய். தலித் அடையாளம் உள்ள இருவர், அவர்களிலும் ஒருவருக்கு மட்டும் நாய். நாயுடன் வரும் முதல்வகையினருக்கு இசைவும் நாயுடன் வரும் தலித்துக்கு மறுப்பும் கிடைத்தால் சாக்கு வெளுத்துவிடும். அமெரிக்காவில் 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தை நடைமுறைப்படுத்த இத்தகைய இணைச் சோதனைகளே கருவியாயின. சோதனைக்காக அழைத்தவரும் வழக்குத் தொடரலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. தோரட் குழு செய்ததும் இதன் ஒரு வடிவமே. ஒரு கல்லூரி விடுதியின் இருபது மாணவர்கள் ஒரு பருவ விடுமுறையில் இதைச் செய்து முடிக்கலாம். நாள், நேரம், சொன்ன பெயர், கேட்கப்பட்ட கேள்விகள், கிடைத்த மறுமொழி ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். இயன்றவரை வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுமொழி எழுத்திலேயே தங்கிவிடும். வீட்டுக்கு உண்மையிலேயே தேவை உள்ள ஒரு தலித் குடும்பத்தின் மறுப்பு அந்தப் பட்டியலில் இருக்குமானால், காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைப் பிரிவில் 4ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அளிக்கும் புகாரோடு மற்ற மூன்று அழைப்புகளின் பதிவையும் இணைக்கலாம்.