உமிச்சாம்பலும் வெள்ளைக்கல்லும்

கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தே அமைந்த சேந்தமங்கலத்தில் இந்நாளில் வீடு கட்டுவோர் பலர், செங்கல்லை விடுத்து, சிமெண்டும் சல்லியும் பாறைத்தூளும் கலந்து அச்சில் அடித்த ஹாலோபிளாக் கற்களை நாடக் காண்கிறோம். அக்கல்லில் சேர்வனவற்றுள் விலை மிக்கது சிமெண்டே. அதன் ஒரு பகுதிக்கு ஈடாக, வயற்கழிவின் சாம்பலையும் இம்மாவட்டங்களின் கனிப்பொருளையும் இடலாகாதோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா. தமிழ் பயில்வார்க்குச் சிமெண்டோடு யாது உறவு என நகைப்பார் நகைக்க. குடியிருக்கும் சுவர் யாவர்க்கும் பொது.

இம்முறை முற்றிலும் புதியதன்று. உரோமர் பொசுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பொடு கலந்து கடலினுள்ளும் துறைகள் கட்டினர். நம் நாட்டில் 1895ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாற்று அணையும் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கற்பொடியும் சேர்ந்த கலவையாலேயே எழுந்தது.

சாம்பல் எவ்வாறு சுவரைத் தாங்கும்? சிமெண்டு நீரோடு கூடி இறுகுங்கால், பிணைக்கும் பசையோடு நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிறது. இச்சுண்ணாம்பு வலிமைக்கு அதிகம் உதவாது கிடக்கும். சாம்பலிலுள்ள சிலிக்கா எனும் மணற்சத்து அதனைப் பற்றி மேலும் பசையாக்குகிறது. சிமெண்டுத் தொழில் உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கிற்குக் காரணமாதலின், அதன் செலவு குறைவது காற்றுக்கும் நன்று.

ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமியும், அவ்வுமியை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிட்டும். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்களவு சிலிக்காவே. ஆயினும் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. ஏறத்தாழ 700 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் அடக்கி எரித்த சாம்பலே வினைத்திறன் உடையது. அதனினும் கடுந்தீயில் நெடுநேரம் வெந்தால் சிலிக்கா படிகமாகிச் செயலற்றுப் போம். அத்தூளைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் கேடு. அரைகுறையாய் வெந்ததோ கரி மிகுந்து கறுத்திருக்கும். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பி. குமார் மேத்தா என்னும் அறிஞர் உமியை அளவான வெப்பத்தில் எரித்துச் சிமெண்டுக்கு ஏற்ற சாம்பலாக்கும் வழியை ஆராய்ந்தார். ஆலை வாயிலில் குவிந்து கிடப்பதை அள்ளி வருவார் இதனை எண்ணுவதில்லை. கரும்புச் சக்கையை எரிக்கும் சர்க்கரையாலைச் சாம்பலுக்கும் இது பொருந்தும். எரித்ததை நன்கு அரைத்தலும் வேண்டும். சிமெண்டில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை மாற்றுவதே பெரும்பாலும் தகும்.

இனி வெள்ளைக்கல். சேலத்தருகே வெண்மை பூத்த குன்றுகளுக்கு ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் எனப் பொருள்படும் பெயரிட்டனர். ஆங்கிருப்பது சுண்ணாம்பன்று, மாக்னசைட்டு. நிறத்தை நம்பி ஏமாறுதல் அன்றே தொடங்கிற்றுப் போலும்! இக்கல்லை மிகு வெப்பத்தில் சுட்டுப் பெறும் மக்னீசியா உருக்காலைச் சூளைக்கு உகந்தது. அதனைச் சிமெண்டுக் கலவையிற் கலந்தால், கல் இறுகிய பின் திங்கள் பல, ஆண்டு சில கழித்து மெல்ல நீருண்டு பருத்துச் சுவரைப் பிளக்கும். ஆதலின் நம் நாட்டுத் தரவிதி சிமெண்டிலேயே மக்னீசியாவை நூற்றுக்கு 6 பங்குக்குள் நிறுத்துகிறது. சுடாத கல்லின் நுண்பொடி இடைவெளியை நிரப்பப் பயன்படலாமேயன்றி, சிமெண்டின் வேலையைச் செய்யாது.

சாம்பற்கல்லுக்குப் பகை அவசரமே. நன்கு பக்குவமான உமிச்சாம்பல் விரைவில் வலிமை தரினும், பருமனான ஆலைச்சாம்பல் காலந்தாழ்த்தே தரும். நீர் தெளித்து ஈரம் காவாது ஏழாம் நாளே வண்டியேற்றிய கல், வாங்குவோன் வாழ்நாட் சேமிப்பை விரிசலாக்கிவிடும். சாம்பல் கலந்ததும் கலவாததுமாக இருவகைக் கற்களை ஒரே அச்சில் அடித்து, 28 நாள் நனைத்து, ஆய்வகத்தில் அமுக்கிப் பார்த்தால் வேற்றுமை தெரியும். ஆலைக்கு ஆலை, ஒரே ஆலையிலும் நாளுக்கு நாள், சாம்பல் மாறுபடுதலின், புதிதாய் வந்திறங்கும் ஒவ்வொரு வண்டிச் சாம்பலுக்கும் இச்சோதனை வேண்டும்.