காரின் கதவும் கடற்காற்றும்

வடசென்னையில் வாழ்வோருக்குத் துரு என்பது புதிய செய்தியன்று. சன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, சைக்கிள் சங்கிலி, தண்ணீர் மோட்டாரின் உறை, எதைத்தான் அது விட்டுவைத்தது? காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு சாலைதான் இருக்கிறது. ஆகவே நாங்கள் துருவைப் பார்த்துக் கவலைப்படுவதில்லை, பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் ஓர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. அதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். தாத்தாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆட்டோவில் போய்வரும் களைப்பு அவருக்கு ஆகவில்லை என்று, அப்பா ஒரு பழைய சிறிய காரை இரண்டாம் கையாக வாங்கினார். தாத்தா எப்போதும் பின்னிருக்கையின் இடப்பக்கம்தான் அமர்வார். கதவில் தோளைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஒருநாள் விடியற்காலை, கடலோரமாகக் கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி வந்து, இராயபுரம் பக்கம் வலப்புறம் திரும்பினோம். அந்தத் திருப்பத்தில் கதவு திறந்துகொண்டது.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு அதன் காரணம் பிறகு நன்றாக விளங்கிற்று. கார் வலப்பக்கம் திரும்பும்போது உள்ளிருப்பவர் உடல் நேராகவே போக முயலும்; ஆகையால் இடக்கதவின்மேல் முழுப்பாரமும் விழும். ஆனால் அந்த நொடியில் எனக்கு எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. தாத்தாவின் சட்டையையும் வேட்டியையும் சேர்த்துப் பிடித்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தாத்தா மெதுவாக, "கதவு சாத்தலையாடா கண்ணு?" என்றார். சாத்தியிருந்தேன். என் கையாலேயே சாத்தினேன். சாத்துவது வேறு, பூட்டுவது வேறு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஒரு வாரம் கதவை உள்பக்கமாக நைலான் கயிற்றால் கட்டி ஓட்டினோம். ஒரு பட்டறையில் காட்டியபோது, "மொத்த செட்டையும் மாத்தணும், இந்த மாடலுக்குப் பொருள் வருவதில்லை, புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள்" என்றார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கடைசியில் தண்டையார்பேட்டையில் சிறிய ஷெட் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கயிற்றைத்தான் பார்த்தார். "இன்னா சார் இது, மாட்டைக் கட்டுற மாதிரி? வண்டி எங்கனா மோதிச்சின்னா பெரியவரை எந்தப் பக்கமா வெளிய எடுப்பீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். பிறகு ஸ்குரூடிரைவரின் நுனியால் கதவின் விளிம்பை இரண்டுமுறை தட்டிவிட்டு என்னிடம், "தம்பி, லாக்கு சாவல. உள்ள இருக்கிற கிரீஸுதான் செத்துப்போச்சு. வூட்டுலயே நீ பண்ணலாம்" என்றார். செய்யும் முறையையும் சொன்னார். அவர் சொன்னதையும், பின்னர் நான் படித்தும் பிரித்தும் அறிந்ததையும் சேர்த்தே கீழே எழுதுகிறேன்.

பூட்டு என்றாலே நமக்குத் திண்டுக்கல் நினைவு வரும். 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுகள் திருடனுக்காகச் செய்யப்பட்டவை. காரின் கதவில் இருப்பதோ இரண்டு வேறு பொருள்கள். ஒன்று சாவி போடும் உருளை, அது திருடனுக்காக. மற்றொன்று கதவின் விளிம்பில் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் கிடக்கும் இரும்புப் பொறி, அது நமக்காக. தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று உண்டு: தாழ். வள்ளுவரும் ஆண்ட சொல். வீட்டுத் தாழ்ப்பாளில் அதன் பாதி இன்னும் உயிரோடிருக்கிறது. மெக்கானிக்குகள் இரண்டையுமே 'லாக்' என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

இந்தத் தாழ் எப்படி வேலை செய்கிறது? காரின் உடற்சட்டத்தில் வளைந்த தடித்த கம்பியொன்று திருகப்பட்டிருக்கும். அதற்கு ஸ்டிரைக்கர் என்று பெயர். கதவில் இருக்கும் பொறிக்குள் மரக்கிளையின் கவைபோல் வாய்பிளந்த தட்டு ஒன்று சுழலும். கதவைச் சாத்தும்போது ஸ்டிரைக்கர் அந்தக் கவைக்குள் புகுந்து அதைச் சுழற்றுகிறது. சுழலும் கவையின் முதுகில் இரண்டு வெட்டுகள் உள்ளன. அருகே ஒரு சிறிய நாக்கு, சுருள்வில்லின் உந்துதலால் கவையின்மேல் எப்போதும் அழுந்திக்கொண்டிருக்கும். கவை கொஞ்சம் சுழன்றதும் நாக்கு முதல் வெட்டில் விழும். முழுதும் சுழன்றால் இரண்டாம் வெட்டில் விழும். கைப்பிடியை இழுத்தால் நாக்கு மேலெழும்பும். கவை தன் வில்லின் வேகத்தில் திரும்பி ஸ்டிரைக்கரை வெளியே விட்டுவிடும். இவ்வளவுதான் பொறி. நாக்கு வெட்டுக்குள் முழுதும் இறங்கியிருந்தால், கதவை உள்ளிருந்து எவ்வளவு தள்ளினாலும் அந்த விசை நாக்கின் அச்சாணியை நோக்கியே போகும், நாக்கைத் தூக்காது. நுனி மட்டும் பட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு.

இரண்டு வெட்டு எதற்கு என்று கேட்கலாம். கதவைச் சரியாக அறையாமல் விட்டாலும் உடனே திறந்துகொள்ளாதிருக்க முதல் வெட்டு ஒரு காவல். 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கார் விபத்துகளை ஆராய்ந்தபோது, கதவு திறந்து வெளியே எறியப்பட்டவர்களே மிகுதியாக உயிரிழந்ததைக் கண்டார்கள். அதன் பிறகே இந்தத் தாழ்களில் உலகின் கவனம் திரும்பிற்று. 1968-இல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, முழுத்தாழ் நிலையில் கதவின் பிடி நீளவாக்கில் சுமார் 11,000 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். அரைத்தாழ் நிலையில் ஏறக்குறைய 4,450 நியூட்டன் தாங்கினால் போதும். நம் கணக்கில் முன்னது 1,100 கிலோ எடைக்கு மேல், பின்னது 450 கிலோ. அரைத்தாழ் என்பது பாதிக்கும் குறைந்த பலம் என்பதை இதிலிருந்து அறியலாம். அதுவும் புதிய பொறிக்கு.

எங்கள் காரில் நடந்தது இதுதான். நாக்கைச் சுற்றியிருந்த கிரீஸ் இறுகிப் பிசினாகிவிட்டது. சுருள்வில்லுக்கு நாக்கைக் கீழே தள்ள வலுவில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் நாக்கு தயங்கித் தயங்கி, முதல் வெட்டின் விளிம்பில் நுனியை மட்டும் வைத்து நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடியதாகவே தோன்றும். சரியாக மூடாவிட்டால் எரிய வேண்டிய உட்கூரை விளக்கோ எப்போதோ போய்விட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிரீஸ் ஏன் இறுகிற்று? கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு வகைப் பொருளொன்றில் ஊறவைத்ததே. பஞ்சில் தண்ணீர் நிற்பதுபோல் எண்ணெய் அதில் நிற்கிறது. நாளாவட்டத்தில் எண்ணெய் வடிந்தும் ஆக்சிஜனோடு கலந்தும் கெட, சோப்பு மட்டும் எஞ்சும். அதில் நம் ஊர்த் தூசி சேரும். நான் பிரித்தபோது உள்ளே இருந்தது கறுப்பு மை போன்ற களிம்பு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது உயர் நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2011-இல் நின்று எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. இராயபுரத்து மாடிகள் சற்று வெளுத்திருக்கலாம். வடக்கே இருக்கும் எங்களுக்கு அந்தப் பேறு இல்லை.

உப்பின் வேலை வேறு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் இரவுகளில் அந்த அளவு அரிதன்று. ஆக, பொறியின்மேல் படிந்த உப்பு ஒவ்வோர் இரவும் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. பொறியின் பாகங்களில் துத்தநாகம் பூசியிருப்பார்கள். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அது தீர்ந்த இடத்தில் இரும்பின் முறை வரும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தை ஆராய்வதையே தன் பெரும்பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது.

இனிப் பழுது நீக்கும் முறைக்கு வருவோம். பிரிக்குமுன் நோயை அறிய வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்குரூடிரைவரால் கவையை மூடும் திசையில் தள்ளுங்கள். 'டக், டக்' என்று இரண்டு தெளிவான ஓசை கேட்க வேண்டும். பிறகு வெளிக் கைப்பிடியை இழுத்தால் கவை துள்ளித் திரும்ப வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: கவை மூடிய நிலையில் இருக்கும்போது மறந்துபோய்க் கதவை அறைந்தால், ஸ்டிரைக்கர் கவையின் முதுகில் மோதி இரண்டும் கெடும். கைப்பிடியை இழுத்துக் கவையை விடுவித்த பின்னரே கதவைச் சாத்துங்கள். எங்கள் கதவில் ஒரே ஒரு மங்கிய ஓசைதான் கேட்டது. விரலால் தள்ளியதும் கவை திரும்பிவிட்டது.

உள்கைப்பிடியில் திறந்து வெளிக்கைப்பிடியில் திறக்காவிட்டால், பெரும்பாலும் வெளிக்கைப்பிடியையும் பொறியையும் இணைக்கும் கம்பியின் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். வெளியே திறந்து உள்ளே திறக்காத பின்கதவானால், பிரிக்க வேண்டாம். விளிம்பில் குழந்தைகளுக்கான சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும், அதை முதலில் பாருங்கள். என் நண்பன் வீட்டில் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கதவைக் கழற்றினார்கள்.

கதவின் உள்ளட்டையைக் கழற்றுவதற்கு முதல் தடை கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. அதில் திருகு தெரியாது. பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். பழந்துணியைக் கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் இருபக்கமும் இழுத்தால் கிளிப் துள்ளி விழும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்; நான் அரைமணி நேரம் தேடினேன். அட்டைக்குப் பின்னே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரிக்க வேண்டும். பொறியைப் பிடித்திருக்கும் திருகுகள் கதவின் விளிம்பில் உள்ளன. அவைதான் உண்மையான சோதனை. அளவு தப்பிய ஸ்குரூடிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியான முனையை வைத்து, சுத்தியால் நான்கு தட்டுத் தட்டி, முழு உடல் பாரத்தையும் கொடுத்துத் திருப்ப வேண்டும். கம்பிகளைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நன்று.

பொறியை வெளியே எடுத்ததும் பழைய பல்துலக்கியும் டீசலுமாக உட்கார்ந்தேன். திறந்தவெளியில், அடுப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. மூன்றுமுறை கழுவிய பிறகே நாக்கு தன் வில்லுக்குக் கட்டுப்பட்டது. ஆயா தேங்காயெண்ணெய் விடச் சொன்னார்கள். எண்ணெய் அன்றைக்கு வேலை செய்யும், ஐயமில்லை; ஆனால் ஒரு மாதத்தில் அத்தனை தூசியையும் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். நன்றாக உலர்த்தி, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லிதாகத் தடவினேன். கவையின் வெட்டுகள் தேய்ந்திருந்தாலோ, அச்சாணி ஆடினாலோ, வில் முறிந்திருந்தாலோ இந்த வேலை பயனில்லை. பொறியை மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வைத்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதவில் நான் யாரையும் சாயவிடமாட்டேன். மின்சாரத்தால் பூட்டும் கார்களில் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே கைவைக்க வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது ஒரு தவறு செய்தேன். அந்தப் பிளாஸ்டிக் தாள் எதற்கு என்று அலட்சியமாக, நான்கு மூலையில் மட்டும் டேப் ஒட்டிவிட்டேன். அடுத்த மழையில் காரின் உள்ளே கால்மிதி முழுவதும் ஈரம். கண்ணாடி இடுக்கின் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறிவிடும். தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுப்பதே அந்தத் தாள். மீண்டும் பிரித்துப் பார்த்தால் அந்தத் துளைகளும் சேற்றால் அடைபட்டிருந்தன. ஈர்க்குச்சியால் குத்தியதும் ஒரு டம்ளர் கறுப்புத் தண்ணீர் இறங்கிற்று. எத்தனை மாதமாக எங்கள் தாழ் அந்த உப்புநீரின் ஆவியில் நின்றதோ! துளைகளைத் திறக்காமல் கிரீஸ் மட்டும் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் பழைய கதைதான்.

செலவு, கிரீஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்து 200 ரூபாய்க்குள். பாயிடம் காட்டப் போனபோது கதவை இரண்டு முறை சாத்திக் கேட்டார், பணம் வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். கயிற்றை அவரே அவிழ்த்துத் தன் ஷெட்டுக்கு வைத்துக்கொண்டார்.

இப்போது தாத்தா ஏறி உட்கார்ந்ததும் நான் வெளியே நின்று சாத்துகிறேன். "ரெண்டு சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாய்கிறார். ஓட்டுநர் பக்கத்துச் சாவி உருளை நேற்றிலிருந்து முரண்டு பிடிக்கிறது. அதற்குள்ளும் உப்புதான் இருக்கும். செமஸ்டர் தேர்வு முடியட்டும்.