கோடையும் கடலும்: யப்பானிய நீச்சற் சித்திரத் தொடரொன்றை அட்டாளைச்சேனைக் கரையிலிருந்து நோக்கல்

கலைப்படைப்பொன்று தான் பேசும் விடயங்களால் மாத்திரமன்றி, பேசாது இயல்பென எடுத்துக்கொள்ளும் விடயங்களாலும் தன் சமூகத்தை வெளிப்படுத்துகின்றது. இக்கருத்தை அடியொற்றி, யப்பானிய அசைவூட்டச் சித்திரத் தொடரான ‘ஃபிரீ!’ என்பதன் இரண்டாம் பருவத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘அனிமே’ என வழங்கும் இச்சித்திரங்கள் எமது இளைஞர் மத்தியில் இன்று பரவலாகப் பார்க்கப்படுகின்றன. அவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கிவிடுவது எளிது; ஆயின் ஒதுக்குவது விமர்சனமாகாது. உயர்தர வகுப்பு மாணவர் சிலரது நீச்சல் வாழ்வைக் கூறும் இக்கதை, கடலோரத்திலே பிறந்து கடலுக்கு அஞ்சி வாழும் எம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றது. அவ்வினாவை நோக்கியே நாம் செல்கின்றோம்.

கியோத்தோ அனிமேசன் நிறுவனத்தாரின் இத்தொடர் கோஜி ஓஜி எழுதிய ‘ஹை ஸ்பீட்!’ என்னும் நாவலைத் தளர்வான அடிப்படையாகக் கொண்டது. முதற் பருவம் 2013ஆம் ஆண்டிலும், ‘இட்டேர்னல் சமர்’ (முடிவிலாக் கோடை) எனப் பெயரிய இரண்டாம் பருவம் 2014ஆம் ஆண்டு யூலை முதல் செப்தெம்பர் வரையிலும் ஒளிபரப்பாயின. இரு பருவங்களையும் நெறிப்படுத்தியவர் உத்சுமி ஹிரோக்கோ என்னும் பெண்மணி. கதை நிகழும் இவத்தொபி என்னும் கற்பனை ஊர், யப்பான் கடலோரத்திலுள்ள தொத்தொரி மாகாணத்து இவாமி என்னும் சிற்றூரை மாதிரியாகக் கொண்டு வரையப்பட்டதாகும்.

முதற் பருவம் பிரிந்த நண்பர் மீண்டும் கூடுவதைப் பேசிற்று. இரண்டாம் பருவத்தின் பொருள் வேறு. நனாசே ஹருக்கா, தச்சிபானா மக்கோட்டோ ஆகிய இருவரும் பாடசாலையின் இறுதியாண்டிலே நிற்கின்றனர். ‘இனி என்ன செய்யப் போகின்றாய்?’ என்ற வினா நாற்புறமிருந்தும் அவர்களை நெருக்குகின்றது. ஹருக்கா இயற்கையான திறன் படைத்தவன்; சுதந்திர பாணி நீச்சலைத் தவிர வேறொன்றை விரும்பாதவன். திறனைத் தேடி வருவோரின் பார்வை அவன் மீது விழுந்ததும், அதுவரை இன்பமாயிருந்த நீச்சல் சுமையாகின்றது. போட்டியொன்றின் நடுவே அவன் நீந்துவதையே நிறுத்திவிடுகின்றான். மறுபுறத்திலே, எதிரணிப் பாடசாலைக்கு வந்துசேரும் யமசாக்கி சோசுக்கே, தோளிலேற்பட்ட காயத்தை மறைத்து, பழைய நண்பன் ரின்னுடன் ஓர் அஞ்சல் நீச்சலிற் கலந்துகொள்வதற்காகவே உடலை வருத்துகின்றான். நகீசாவின் பெற்றோரோ, பரீட்சைப் புள்ளிகள் குறைந்தமையைக் காட்டி மகனை நீச்சற் கழகத்திலிருந்து விலக்க முனைகின்றனர். இக்காட்சியை விளங்கிக்கொள்ள எமது ஊர்ப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

திறன் சந்தைக்கு வரும்போது திறனுடையோன் தன் உழைப்பிலிருந்தே அந்நியப்படும் நிலையை ஹருக்காவின் பாத்திரம் தெளிவாகக் காட்டுகின்றது. ஆயினும் தொடர் அம்முரண்பாட்டை அதன் வேர்வரை ஆராயவில்லை. ரின் அவனை அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்று பெரும் போட்டிக் குளமொன்றைக் காட்ட, அவனுக்குக் கனவு பிறந்துவிடுகின்றது. பயணச் செலவை யார் ஏற்றனர், அத்தகைய வாய்ப்பற்ற மாணவனின் கனவு எங்கே பிறக்கும் என்ற வினாக்களைக் கதை எழுப்புவதில்லை. அழகிய இளைஞரின் உடல்களை வரைந்து இரசிகைகளிடம் விற்பனை செய்யும் வணிக நோக்கும் வெளிப்படையானதே. எனினும், பெண்ணுடலையே காட்சிப்பொருளாக்கிவந்த ஒரு துறையிலே பெண் நெறியாளர் ஒருவர் அந்நோக்கைத் திருப்பியமைத்தமை கவனிக்கத்தக்கது.

எம்மைப் பொறுத்தவரை இப்பருவத்தின் முக்கிய பாத்திரம் ஹருக்கா அன்று, மக்கோட்டோவே. சிறுவயதிலே தனக்கு அறிமுகமான முதிய மீனவர் கடலில் மாண்டதனால் கடலச்சம் கொண்டவன் இவன். ரின்னின் தந்தையும் மீனவரே. படகு மூழ்கியதால் உயிரிழந்தவர். ஆக, ஒளிமிக்க இக்கோடைக் கதையின் அடியிலே மீனவர் மரணம் கிடக்கின்றது. தன் அச்சத்தை முழுதும் வென்றிராத மக்கோட்டோ, ஊர்க் கழகத்திலே சிறுவருக்கு நீந்தக் கற்பிக்கின்றான். கற்பிப்பதே தன் தொழிலென உணர்ந்து டோக்கியோவில் உயர்கல்வி பெற முடிவு செய்கின்றான். பதக்கம் ஒருவனுக்குரியது, கற்பித்தல் ஊருக்குரியது.

இனித் தொடர் பேசாதுவிட்ட விடயத்துக்கு வருவோம். சிற்றூர்ப் பாடசாலையொன்றிலே நீச்சற் குளமிருப்பதைக் கதை இயல்பென எடுத்துக்கொள்கின்றது. அவ்வியல்பு எவ்வாறு தோன்றியது? 1955ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி, செத்தோ உள்நாட்டுக் கடலில், மூடுபனியினிடையே ‘சியுன் மரு’ என்னும் பயணிகள் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கிற்று. மாண்ட 168 பேரில் 100 பேர் கல்விச் சுற்றுலா சென்ற பாடசாலைப் பிள்ளைகள். அதே ஆண்டு யூலையில், மியே மாகாணத்துத் த்சு நகரக் கடற்கரையிலே நீச்சற் பயிற்சியின்போது 36 மாணவிகள் மூழ்கி இறந்தனர். முதல் விபத்து ‘பிள்ளைகள் நீந்த அறிந்திருக்க வேண்டும்’ என்பதையும், இரண்டாவது ‘அதனைத் திறந்த கடலிற் கற்பிக்கலாகாது’ என்பதையும் உணர்த்தின. இத்துயரங்களின் பின்னரே பாடசாலைகள் தோறும் குளம் அமைக்கும் இயக்கம் நாடெங்கும் வலுப்பெற்றது. பழுதடைந்த குளங்களைப் பேணும் செலவு காரணமாக அண்மைக் காலத்தில் அங்கு பல மூடப்பட்டு வருவதும் உண்மையே. ஆயினும் ஹருக்கா குதிக்கும் நீரின் அடியிலே 1955ஆம் ஆண்டின் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

எமது கரையின் நிலை யாது? அட்டாளைச்சேனையின் கிழக்கெல்லை கடல். கோணாவத்தை ஆறும் களியோடையும் வயல்களையும் குடியிருப்புகளையும் தழுவிச் செல்கின்றன. கரைவலை இழுப்போரும் தோணி செலுத்துவோரும் நீரை அறிந்தவர்கள். ஆனால் அவ்வறிவு தொழிலோடு பிணைந்தது, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது, மகளுக்குச் செல்வதில்லை. கல்வி கற்று உத்தியோகம் நாடிய குடும்பங்களிலோ மகனுக்கும் செல்வதில்லை. கடலைக் கைவிடுதலே முன்னேற்றமென நாம் கருதியதால், கடலைப் பற்றிய அறிவையும் உடன் கைவிட்டோம்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி அதன் விலை தெரிந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோருள் பெண்களும் சிறுவரும் விகிதத்தால் மிகுந்திருந்தமையைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அத்தகைய அலையின் முன் நீச்சல் அறிந்தோர் அனைவரும் தப்பியிருப்பர் என நாம் வாதிடவில்லை. அலையின் விசையும், மோதிய சிதைவுகளும், முன்னெச்சரிக்கை இன்மையும் பெருங் காரணங்கள். ஆயினும் நீரில் மிதக்கவும், மூச்சை அடக்கவும், பதறாதிருக்கவும் பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் இடையிலான வேறுபாடு, உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாகிவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. அவ்வனர்த்தத்தின் பின் வீடுகளும் பாடசாலைக் கட்டடங்களும் எழுந்தன. நீந்தக் கற்பிக்கும் ஏற்பாடு அவற்றோடு ஊர்தோறும் எழவில்லை. யப்பானியர் 1955இன் பின் எடுத்த முடிவை நாம் 2004இன் பின் எடுக்கவில்லை என்பதே இவ்விரு கரைகளுக்கும் இடையிலான வேறுபாடு.

தமிழ் பேசும் மக்களிடையே நீச்சல் வீரர் இல்லாமலில்லை. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே போய்வரும் இரு வழியையும் நீந்தி, ‘ஆழிக்குமரன்’ எனப் போற்றப்பட்டார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். தமிழகத்தின் குற்றாலீசுவரன் 1994இல் தம் பன்னிரண்டாம் வயதிலேயே பாக்கு நீரிணையைக் கடந்தார். இவர்களை நாம் கொண்டாடினோம். ஆனால் வீரரைக் கொண்டாடுதல் வேறு, வித்தையைப் பொதுவுடைமையாக்குதல் வேறு. அவர்களது சாதனைகள் தனிமனித வரலாறுகளாகவே நின்றுவிட்டன; பாடவிதானமாக மாறவில்லை. நீச்சற் குளமோ கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் வசதி படைத்த பாடசாலைகள் சிலவற்றின் அடையாளமாகவே பெரிதும் விளங்குகின்றது. கடலினின்று தொலைவிலுள்ள மலைநகர் மாணவன் குளத்தில் நீந்துகின்றான். கடலின் வாயிலில் வாழும் மாணவி நீந்த அறியாள். இதனை இயற்கை வகுக்கவில்லை. வளப் பங்கீடே வகுத்தது.

பெண் பிள்ளைகள் நீந்தக் கற்பது எமது வழக்கத்துக்கு ஒவ்வாது என்று கூறுவோர் உளர். நீச்சலைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள் எனக் கலீபா உமர் அவர்கள் பணித்ததாக வழங்கும் கூற்று எமது ஊர்களில் அறியப்படாத ஒன்றன்று. தடை மார்க்கத்திலன்று; மறைவான இடமும் பெண் பயிற்றுநரும் இன்மையிலேயே உள்ளது. வங்காளதேசத்திலே ஊர்க் குளத்தின் ஒரு பகுதியை மூங்கிலால் அடைத்து, நீருக்குள் மேடை அமைத்து, அவ்வூரவரையே பயிற்றுநராக்கி, நான்கு வயதுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர்க்கு உயிர்காப்பு நீச்சல் கற்பித்து வருகின்றனர். பெருஞ் செல்வம் அங்கு முன்நிபந்தனையாகவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் உலகெங்கும் சுமார் 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். மூழ்கி இறத்தல் வறுமையின் நோய்களுள் ஒன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

எமது ஆறுகளும் கழிமுகங்களும் முதலைகளின் இருப்பிடமாகவும் இருப்பதால் வங்காளதேச முறையை அப்படியே பெயர்த்து நடல் இயலாது. வாடைக் காலக் கடலும் பயிற்சிக்கு ஏற்றதன்று. ஆகவே பல பாடசாலைகள் பகிர்ந்துகொள்ளும் ஆழங்குறைந்த பொதுக் குளமொன்று, பெண்களுக்கென ஒதுக்கிய நேரம், பயிற்றப்பட்ட ஆசிரியர் ஆகிய மூன்றுமே குறைந்தபட்சத் தேவைகளாகும். மூன்றாவதே முதன்மையானது. நீண்ட காலமாக ஆசிரியர்களைப் பயிற்றிவரும் ஊர் அட்டாளைச்சேனை. இங்குள்ள கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளியேறும் ஆசிரியர் ஒவ்வொருவரும் நீரில் ஓர் உயிரைக் காக்கவும், பத்துப் பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்பிக்கவும் அறிந்திருப்பாராயின், ஒரு தலைமுறைக்குள் இக்கரையின் நிலை மாறும்.

‘முடிவிலாக் கோடை’ எனத் தலைப்பிட்டாலும் கோடை முடியும் என்பதையே அத்தொடர் கூறுகின்றது. இறுதி அஞ்சல் நீச்சலின் பின் நண்பர் பிரிகின்றனர். ஒருவன் போட்டிக் களத்துக்கும், மற்றொருவன் கற்பிக்கும் பணிக்கும் செல்கின்றனர். அஞ்சல் நீச்சலிலே முன்னவன் சுவரைத் தொட்ட பின்னரே அடுத்தவன் நீரிற் பாய முடியும். இக்கடலை அறிந்த முதியோர் இன்னும் எம்மிடையே உளர். அவர்கள் சுவரைத் தொடும் வேளையிலே, பாய்வதற்கு எமது பிள்ளைகளை நாம் ஆயத்தப்படுத்தியிருக்கின்றோமா என்பதே எம்முன் நிற்கும் வினாவாகும்.